ஸ்டாக்ல 18446744073709551615 எல்போ! இந்த நம்பரை வகுத்தா 3, 5, 17, 257ன்னு வருதே, இது தற்செயலா?

குழாய்க்கடை_மருமகன்:

வணக்கம் மக்களே. நான் மாமாவோட ஹார்டுவேர் கடையில சாயங்காலம் பில் போடுறவன், கணக்கு ப்ளஸ் டூவோட சரி, அதனால கேள்வி சில்லறையா இருந்தா திட்டாதீங்க. போன வாரம் ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்தா முக்கால் இஞ்ச் எல்போ (குழாய் திரும்புற இடத்துல மாட்டுற வளைவு) இருப்பு 18446744073709551615ன்னு காட்டுது. மாமா கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்துட்டு "இத்தனை எல்போ இருந்தா நான் ஏன்டா இங்க ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கேன்"னாரு. சாஃப்ட்வேர் போட்டுக்குடுத்தவருக்கு போன் பண்ணா "நாளைக்குப் பாக்குறேன் சார்", அதோட சரி.

சும்மா இருக்க முடியாம அந்த நம்பரை எக்செல்ல டைப் பண்ணேன், என்டர் தட்டினதும் 18446744073709500000ன்னு மாத்திடுச்சு, கடைசி அஞ்சு இலக்கத்தைக் காணோம். அப்புறம் ஒரு ஆன்லைன் கால்குலேட்டர்ல காரணி பிரிக்கச் சொன்னேன், இப்படி வந்துச்சு:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

இதுல 3, 5, 17, 257, 65537 எல்லாம் 2, 4, 16, 256, 65536 கூட ஒண்ணு சேத்த மாதிரியே இருக்கு. நடுவுல 641ம் கடைசியில 6700417ம் மட்டும் கல்யாண வீட்டுல தெரியாத ஆளு பந்தியில உக்காந்த மாதிரி இருக்கு. 7, 11, 13ல எல்லாம் வகுபடவே மாட்டேங்குது. இது எதேச்சையா இல்ல ஏதாவது காரணம் இருக்கா? அப்புறம் எங்க கடைக்கு ஏன் இத்தனை எல்போ?

செமிகோலன்:

ப்ரோ எல்போ மேட்டர் ஈஸி. உங்க இருப்பு 0ல இருந்திருக்கும், யாரோ ஒண்ணு பில் போட்டிருப்பீங்க, 0ல ஒண்ணு கழிச்சா −1. ஆனா அந்த சாஃப்ட்வேர்ல எண்ணிக்கையைப் போட்டு வச்சிருக்குற டப்பாவுக்கு மைனஸ்னா என்னன்னே தெரியாது, 64 சுவிட்ச் இருக்குற டப்பா அது, எல்லாம் ஆஃப்னா 0, எல்லாம் ஆன்னா 2^64−1, அதுதான் 18446744073709551615. பழைய ஸ்கூட்டர் மீட்டரை 00000ல இருந்து ஒரு பல்லு பின்னாடி திருப்பினா 99999 வரும்ல, அதேதான், இங்க பல்லு பத்துக்குப் பதிலா ரெண்டு. மைனஸ் தெரிஞ்ச டப்பாவா இருந்தா அதே 64 ஆன் சுவிட்சை −1ன்னு படிச்சிருக்கும். ஆக உங்க ஸ்டாக் அவ்வளவு தப்பும் இல்ல, நீங்க யாருக்கோ ஒரு எல்போ பாக்கி.

எக்செல் விஷயம் வேற. அது 15 இலக்கத்துக்கு மேல ஞாபகம் வச்சுக்காது, டைப் பண்ணா மிச்சத்தை 0 ஆக்கிடும். அதுல இந்த நம்பரை வகுத்துப் பாத்தா 2லயும் வகுபடுதுன்னு சொல்லும், நம்பாதீங்க. பிரவுசர் கன்சோல்ல போட்டாலும் 18446744073709552000ன்னுதான் வரும், உள்ள அது 2^64ன்னே ரவுண்ட் பண்ணிடும், அதாவது ஒண்ணு கூட்டி. பெரிய முழு எண்ணை முழுசா வச்சுக்குற பைத்தான் மாதிரி எதுலயாவது போட்டுப் பாருங்க.

காரணி மேட்டருக்கு நான் ஆள் இல்ல, யாராவது கணக்கு ஆளு வாங்க.

கணக்கு_டீச்சர்:

தம்பி, கேள்வி சில்லறை இல்ல, ரொம்ப நல்ல கேள்வி. எதேச்சையே கிடையாது. செமிகோலன் தம்பி ஸ்கூட்டர் மீட்டர் சொன்னாரே, அதுலயே பதில் இருக்கு. எட்டு இலக்க மீட்டர்னு வச்சுக்கோ, ஃபுல்லா 9, அதாவது 99999999. இதைப் பாத்தவுடனே 9999 × 10001ன்னு பிரிக்கலாம். 9999ஐ 99 × 101ன்னு பிரிக்கலாம். 99ஐ 9 × 11ன்னு. ஆக 9 × 11 × 101 × 10001. பாதி பாதியா உடைச்சுக்கிட்டே போறோம் அவ்வளவுதான். ஒன்பதாங் கிளாஸ்ல படிச்ச க² − 1 = (க − 1)(க + 1) இதுதான், வேற மந்திரம் எதுவும் இல்ல.

உன் நம்பர் பைனரில, அதாவது 0, 1 மட்டும் வச்சு எழுதுற முறையில, 64 ஒண்ணு வரிசையா. 64ஐ பாதி பண்ணா 32, 16, 8, 4, 2, 1ன்னு ஒழுங்கா கடைசி வரைக்கும் உடையும், அதனால

2^64 − 1 = (2^32+1) × (2^16+1) × (2^8+1) × (2^4+1) × (2^2+1) × (2+1)

அதாவது 4294967297 × 65537 × 257 × 17 × 5 × 3. நீ கண்டுபிடிச்ச "ஒண்ணு சேத்த" நம்பர் எல்லாம் இதான். நீ பாத்த அந்த ரெண்டு தெரியாத ஆளும் 4294967297க்கு உள்ள இருந்து வந்தவங்க, 641 × 6700417 = 4294967297, பெருக்கிப் பாரு. மீட்டர்லயும் இதே கதைதான், 11 பகா எண், 101 பகா எண், 10001 மட்டும் 73 × 137ன்னு உடைஞ்சிடும்.

7ல ஏன் வகுபடலைன்னா, 2, 4, 8, 16... இதையெல்லாம் 7ல வகுத்தா மீதி 2, 4, 1, 2, 4, 1ன்னு மூணு மூணா சுத்தும். அடுக்கு 3ன் மடங்கா இருந்தாதான் மீதி 1 வரும், ஒண்ணைக் கழிச்சா 0 ஆகும். 64 மூணால வகுபடாது. அதனால 7க்கு இடமில்ல. 11க்கு சுத்து 10, 13க்கு 12, ரெண்டும் 64ஐ வகுக்காது. சுத்தோட நீளம் 2, 4, 8, 16, 32, 64ன்னு இருக்குற பகா எண் மட்டும்தான் உள்ள வர முடியும்.

இன்னொண்ணு, ஏழு காரணியும் ஒரு தடவைதான் வருது, எதுவும் ரெண்டு தடவை இல்ல. அதனால மொத்த வகுத்திகள் 2^7 = 128.

பொன்னி_புழுங்கல்:

டீச்சர் சொன்னது சூப்பர், ஆனா பார்முலா பாத்தாலே தூக்கம் வர்ற என்ன மாதிரி ஆளுங்களுக்கு இதை சதுரங்கப் பலகையிலயே கண்ணால பாக்கலாம். கதை தெரியும்ல, முதல் கட்டத்துல ஒரு அரிசி, அடுத்ததுல ரெண்டு, நாலு, எட்டுன்னு 64 கட்டம், மொத்தம் எவ்வளவுன்னா மருமகன் கடை எல்போ எண்ணிக்கையேதான். அரபு நாட்டுல இதைக் கோதுமையா சொல்லுவாங்க, 13ம் நூற்றாண்டுலயே இப்னு கல்லிக்கான் எழுதி வச்சிருக்காரு. கேரளால ஆலப்புழைக்குப் பக்கத்துல அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் கதையும் இதேதான், ராஜா சாமியார் வேஷத்துல வந்த கிருஷ்ணர்கிட்ட தோத்துட்டு அரிசி குடுக்க முடியாம தவணை முறையில தினம் பால்பாயசமா குடுக்குறாராம். அந்தப் பாயசத்தை சாப்பிட்டவன் சொல்றேன், தவணை முடியாம இருக்கட்டும்.

இப்ப பலகையைப் பாருங்க. முதல் கட்டம் 1. ரெண்டாவது அதுல 2 மடங்கு, சேத்தா 3. அடுத்த ரெண்டு கட்டம் (4+8=12) முதல் ரெண்டு கட்டத்தைவிட 4 மடங்கு, ஆக நாலு கட்டம் சேத்து 3 × 5 = 15. அடுத்த நாலு கட்டம் இந்த நாலைவிட 16 மடங்கு, ஆக முதல் வரிசை 15 × 17 = 255. ரெண்டாவது வரிசை முதல் வரிசையைவிட 256 மடங்கு, ரெண்டும் சேத்து 255 × 257 = 65535. அடுத்த ரெண்டு வரிசை இதுல 65536 மடங்கு, பாதிப் பலகை 65535 × 65537 = 4294967295. கீழ்ப்பாதி மேல்பாதியைவிட 4294967296 மடங்கு, ஆக மொத்தம் 4294967295 × 4294967297. பலகையை மடிச்சு மடிச்சு விரிக்கிற மாதிரி, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு காரணி. ஆறு மடிப்பு, ஆறு காரணி.

எடை போட்டும் பாத்தேன் (வேற வேலை இல்ல). ஆயிரம் அரிசி சுமார் 20 கிராம்னு வச்சுக்கிட்டா முதல் வரிசை 5 கிராம், ரெண்டு வரிசை ஒண்ணேகால் கிலோவுக்கு கொஞ்சம் மேல, ஒரு நேரச் சமையலுக்கு ஆச்சு. பாதிப் பலகை 86 டன், ராஜா இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்திருப்பாரு. முழுப் பலகை சுமார் 36,900 கோடி டன். உலகம் முழுக்க வருஷத்துக்கு விளையுற அரிசி 50 கோடி டன்னைக் கொஞ்சம் தாண்டும், ஆக எழுநூறு வருஷ உலக விளைச்சல்.

வாயால படிக்கணும்னா: ஒரு லட்சத்து எண்பத்தி நாலாயிரத்து நானூத்தி அறுபத்தேழு கோடி கோடியே, நாப்பத்தி நாலு லட்சத்து ஏழாயிரத்து முன்னூத்தி எழுபது கோடியே, தொண்ணூத்தி அஞ்சு லட்சத்து அம்பத்தோராயிரத்து அறுநூத்தி பதினஞ்சு. ஒரே மூச்சுல சொல்லிப் பாருங்க.

குழாய்க்கடை_மருமகன்:

அய்யோ பலகை மடிப்பு செம அண்ணா, சத்தியமா இப்பதான் மண்டையில ஏறுச்சு. டீச்சர், சந்தேகம் ஒண்ணு. 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்ணா வந்துட்டு கரெக்டா ஆறாவது மட்டும் ஏன் உடையுது? அதுலயும் 641ன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது, 3ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா வகுக்கணுமா?

ஆய்லர்_ரசிகன்:

நண்பரே நீங்க கேட்ட கேள்வியிலதான் பிரெஞ்சு கணக்கு மேதை ஃபெர்மாவே விழுந்தாரு. 1640ல, 2ஓட அடுக்குல 1, 2, 4, 8, 16, 32ன்னு போட்டு ஒண்ணு கூட்டினா வர்றது எல்லாமே பகா எண்தான்னு கடிதத்துல எழுதுறாரு. அஞ்சு எண் சரியா வந்துச்சு, ஆறாவதை சோதிக்கல, இல்ல சோதிச்சு கோட்டை விட்டாரோ. 1729ல கோல்ட்பாக்னு ஒரு கணக்கு ஆளு இதை இன்னொரு கணக்கு மேதை ஆய்லருக்கு எழுதிக் கேக்குறாரு, 1732ல ஆய்லர் 4294967297ஐ 641 வகுக்கும்னு சொல்லிட்டாரு. கிட்டத்தட்ட 92 வருஷம் நின்ன நம்பிக்கை ஒரு மூணு இலக்க எண்ணுல காலி.

ஒவ்வொண்ணா வகுக்க வேணாம். டீச்சர் சொன்ன சுத்தை வச்சே பாருங்க, 2^32+1ஐ வகுக்குற பகா எண்ணுக்கு சுத்து சரியா 64ஆ இருக்கணும், அப்படின்னா அந்த எண்ணுல ஒண்ணைக் கழிச்சா 64ஆல வகுபட்டே ஆகணும். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இதுல பகா எண் மட்டும் 193, 257, 449, 577, 641. அஞ்சாவது தட்டுலயே கதவு திறந்துடுச்சு!! ஃபெர்மா கையில இதுக்குத் தேவையான சாமான் எல்லாம் இருந்துச்சு, சுத்து விஷயமே அவரோட தேற்றத்துல இருந்து வர்றதுதான், அதான் எனக்கு இன்னமும் வயித்தெரிச்சல்.

641 வகுக்குதுன்னு பெருக்காமலே காட்டலாம். 641 = 5 × 128 + 1. அதே 641 = 625 + 16, அதாவது 5^4 + 2^4. இப்ப எல்லாத்தையும் 641ஆல வகுத்து மீதி மட்டும் பாருங்க. முதல்ல இருந்து 5 × 2^7க்கு மீதி −1. அதை நாலாம் அடுக்கு ஆக்கினா 5^4 × 2^28க்கு மீதி 1. ரெண்டாவதுல இருந்து 5^4க்கு மீதி −2^4. அதை உள்ள போட்டா −2^32க்கு மீதி 1, ஆக 2^32 + 1க்கு மீதி 0. முடிஞ்சு போச்சு. ரெண்டு வரி. நான் முதல் தடவை படிச்சப்ப பஸ்ல ஸ்டாப்பிங் விட்டுட்டேன்.

"ஏன் ஆறாவது மட்டும்"னு கேட்டீங்கள்ல, ஆறாவது மட்டும் இல்ல, அதுக்கு அப்புறம் சோதிச்சது எல்லாமே உடைஞ்சது. 3ஐ 0வது எண்ணுன்னு வச்சா 5வதுல இருந்து 32வது வரைக்கும் அத்தனையும் பகு எண். 20வதும் 24வதும் பகு எண்ணுன்னு தெரியும், ஆனா ஒரு காரணி கூட யாரும் கண்டுபிடிக்கல. முதல் அஞ்சோட பகா எண் வரிசை நின்னுடுச்சா, எங்கயாவது ஆறாவது ஒண்ணு ஒளிஞ்சிருக்கான்னு இன்னும் திறந்த கேள்விதான்.

சந்தேகப்பேர்வழி:

ஒரு நிமிஷம், 2^n − 1 மாதிரி வர்றது எல்லாம் மெர்சென் பகா எண்ணுன்னு யூட்யூப்ல பாத்தேனே. அப்ப இது பகா எண் ஆகணும்ல? 5ல முடியுதே எப்படி?

கணக்கு_டீச்சர்:

"எல்லாம்" இல்ல தம்பி, அடுக்கு பகா எண்ணா இருந்தா *ஆகலாம்*, ஆகணும்னு கட்டாயம் இல்ல. அடுக்கு 64 மாதிரி பகு எண்ணா இருந்தா சான்ஸே இல்ல, மேல உடைச்ச மாதிரி உடையும். பக்கத்துலயே பாரு, 2^61 − 1 = 2305843009213693951 பகா எண். 2^67 − 1க்கு அடுக்கு பகா எண்தான், ஆனா அது உடையும், 193707721 × 761838257287. 1903ல அமெரிக்காவுல கோல்னு ஒருத்தர் சங்கக் கூட்டத்துல ஒரு வார்த்தை பேசாம போர்டுல இதைப் பெருக்கிக் காட்டிட்டுப் போய் உக்காந்தாராம். 5ல முடியுறதுக்கு காரணம், 2ஓட அடுக்கு 2, 4, 8, 6ன்னு நாலு நாலா சுத்தும், 64 நாலால வகுபடுது அதனால 2^64 ஆறுல முடியும், ஒண்ணு கழிச்சா 5. இலக்கம் எல்லாம் கூட்டினா 87, அதனால 3ல வகுபடும், 9ல வகுபடாது.

செமிகோலன்:

நான் ஆள் இல்லைன்னு சொன்னேன், ஆனா நேத்து ராத்திரி தூங்கல. பாஸ்கல் முக்கோணத்தை (ஓரத்துல எல்லாம் 1, நடுவுல ஒவ்வொரு எண்ணும் மேல இருக்குற ரெண்டோட கூட்டல்) ப்ரோக்ராம் போட்டு வரைஞ்சேன், ஒத்தைப்படை எண் இருக்குற இடத்துல 1, இரட்டைப்படைக்கு 0. ஒவ்வொரு வரியையும் பைனரின்னு படிச்சா: 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257... மேல் வரியை 0ன்னு எண்ணினா 63வது வரியில இருக்குற 64 எண்ணும் ஒத்தைப்படை, ஒரு 0 கூட கிடையாது, அதாவது அந்த வரி = மருமகன் ப்ரோவோட எல்போ!! ப்ரோ நீங்க முக்கோணத்தோட 63வது மாடியில குடியிருக்கீங்க.

ஆய்லர்_ரசிகன்:

செமிகோலன், தெரியாமலே பெரிய இடத்துல கை வச்சிருக்கீங்க. அந்த முக்கோணத்தை நம்ம ஊருல மேரு பிரஸ்தாரம்னு சொல்லுவாங்க, பிங்கலரோட யாப்பு சூத்திரத்துக்கு 10ம் நூற்றாண்டுல ஹலாயுதர் எழுதின உரையில விளக்கம் இருக்கு, குறில் நெடில் எத்தனை விதமா வரும்னு எண்ணுறதுக்கு. ஒத்தை இரட்டைன்னு கலர் அடிச்சுப் பாக்குறது மட்டும் பின்னாடி வந்தது.

உங்க லிஸ்ட்ல முதல் வரியை விட்டுட்டு 31வது வரி வரைக்கும் வர்ற 31 எண்ணும் (3, 5, 15, 17... 4294967295) இன்னொரு இடத்துலயும் வரும். காம்பஸும் கோடு போட மட்டும் அளவில்லாத ஸ்கேலும் வச்சு ஒத்தைப்படை பக்கம் இருக்குற ஒழுங்கு பலகோணம் எதையெல்லாம் வரையலாம்னு கேட்டா, நமக்குத் தெரிஞ்ச பதில் அந்த 31 எண் மட்டும்தான். 17 பக்கத்தை வரையலாம்னு ஜெர்மன் கணக்கு மேதை காஸ் 1796ல சொன்னப்ப அவருக்கு வயசு 18. 65537 பக்கத்துக்கு ஹெர்மஸ்னு ஒருத்தர் பத்து வருஷம் உக்காந்து எழுதி 1894ல முடிச்சாரு, அந்தக் கையெழுத்துப் பிரதி ஒரு பெட்டியில கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துல இருக்கு, அவ்வளவு பொறுமை எனக்கு ரேஷன் க்யூலயே கிடையாது. பாதிப் பலகை 4294967295 பக்கம் வரையலாம், முழுப் பலகை 18446744073709551615 பக்கம் வரைய முடியாது. காரணம் அதே 641. அதுக்குள்ள அந்த ஆளு நுழைஞ்சதும் காம்பஸ் வேலை நின்னுடும்.

குழாய்க்கடை_மருமகன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், 641 உள்ள வந்தது சரி, 6700417 இன்னும் உடையாதுன்னு எப்படி நம்புறது? கால்குலேட்டர் சொல்லிடுச்சுங்கிறதுக்காகவா?

கணக்கு_டீச்சர்:

நம்பாத, நீயே பாத்துடு, கால் மணி நேர வேலை. உடையும்னா வர்ற பகா எண் 2588க்குள்ள இருக்கணும் (வர்க்கமூலம்). 64ன் மடங்கு + 1ன்னு ரசிகன் சொன்னதை லூக்கான்னு ஒரு பிரெஞ்சு கணக்கு ஆளு இன்னும் இறுக்கி 128ன் மடங்கு + 1ன்னு ஆக்கிட்டாரு. 2588க்குள்ள அப்படி பகா எண் 257, 641, 769, 1153, 1409, அவ்வளவுதான். 257ஐ விட்டுடு, அது ஏற்கனவே 2^8+1, இந்தக் குடும்பத்துல ரெண்டு பேருக்கு பொதுக் காரணி வராது. மீதி நாலு வகுத்தல் போடு. ஹனாய் கோபுரம்னு வட்டு நகர்த்துற விளையாட்டு போட்டாரே, அதே லூக்காதான், அதோட கதையில வர்ற 64 வட்டை நகர்த்தி முடிக்கவும் இதே 18446744073709551615 நகர்த்தல் வேணும், நொடிக்கு ஒண்ணுன்னா சுமார் 58 ஆயிரம் கோடி வருஷம். உன் நாலு வகுத்தல் அவ்வளவு நேரம் ஆகாது.

குழாய்க்கடை_மருமகன்:

போட்டாச்சு டீச்சர், பில் புக் பின்பக்கத்துலயே போட்டேன். 641ஆல வகுத்தா மீதி 44, 769ஆல 120, 1153ஆல 334, 1409ஆல 622. ஒண்ணுலயும் 0 வரல, ஆக 6700417 பகா எண்ணேதான்.

சாஃப்ட்வேர்காரரும் நேத்து வந்து சரி பண்ணிட்டுப் போயிட்டாரு. இப்ப முக்கால் இஞ்ச் எல்போ இருப்பு −1ன்னு காட்டுது. மாமா அதையும் ரொம்ப நேரம் பாத்துட்டு "அந்த ஒண்ணை யாருக்குடா குடுக்கணும்"ங்குறாரு.